பில், ஓட்டு, விளம்பரம் – மூன்றுக்கும் முதல் போடுவது யார்?

நகர்மன்றத் தேர்தல் நெருங்கும் காலத்தில் கடைவீதிக்கு மூன்று விதமான ஆட்கள் வருவதை வணிகப் பெருமக்கள் அனைவரும் அறிவோம். ஒருவர் ரசீதுப் புத்தகத்தோடு வருவார். இன்னொருவர் சிறப்பு மலருக்கு முழுப் பக்க விளம்பரம் கேட்டு வருவார். மூன்றாமவர் சற்று ரகசியமாக வந்து, "அண்ணாச்சி, சரக்கு ஒன்றும் வேண்டாம், உங்கள் கடைப் பெயரில் ஒரு பில் மட்டும் போட்டுக் கொடுங்கள்" என்பார். நாம் இவற்றை நன்கொடை, விளம்பரம், இதர வகை என்று மூன்று தலைப்பில் எழுதி, பேரேட்டை மூடி வைத்துவிடுகிறோம்.

உண்மையில் இவை மூன்றும் ஒரே கணக்கின் மூன்று பக்கங்கள். பில்லில் வந்த பணம் ஓட்டுக்குப் போகிறது. ஓட்டில் வந்த அதிகாரம் பத்திரிகையின் வாயை அடைக்கிறது. வாயடைத்த பத்திரிகை அடுத்த பில்லுக்குப் பாதுகாப்பாக நிற்கிறது. இந்தச் சக்கரம் எப்படிச் சுழல்கிறது, எங்கே தடுத்தால் நிற்கும் என்பதை வணிகர்கள் தெரிந்து வைத்துக்கொள்வது அவசியம் என்று கருதியே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

நம் ஊர்க் கதையை எடுத்துச் சொன்னால் "இவர் அந்தக் கட்சி, அவர் இந்தக் கட்சி" என்று பேச்சு திசைமாறிவிடும். நமது சங்கமோ கட்சி சார்பற்றது. ஆகவே கடல் கடந்து, நூற்றைம்பது ஆண்டுகள் பின்னோக்கி, அமெரிக்காவின் நியூயார்க் நகரத்துக்குப் போவோம். அங்கே 1871-ஆம் ஆண்டில் ஒரு நகராட்சியின் கணக்குப் புத்தகம் அப்படியே பத்திரிகையில் அச்சாகி வெளிவந்தது. பிறகு நீதிமன்றமும் விசாரணைக் குழுக்களும் துருவித் துருவி விசாரித்துவிட்டன. ஒளிவுமறைவு அதிகம் இல்லாத கணக்கு என்பதால் பாடம் கற்க வசதியான கணக்கு அது.

கணக்கு எழுதப் பழகிய மனிதர்

வில்லியம் ட்வீட் 1823-இல் நியூயார்க்கில் பிறந்தார். தந்தை நாற்காலி செய்யும் தொழிலாளி. மகன் அந்தத் தொழிலும் பழகினார், கணக்கு எழுதவும் பழகினார். அக்காலத்தில் தீயணைக்கும் வேலையை ஊர் இளைஞர்களே குழு அமைத்துச் செய்து வந்தார்கள். அப்படி ஒரு குழுவுக்குத் தலைவராகிப் பெயர் வாங்கினார். 1851-இல் நகர்மன்ற உறுப்பினராகத் தேர்வானார். ஒரு முறை அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் போனார். ஆனால் அங்கே அவருக்கு மனம் ஒட்டவில்லை. பணம் புரள்வது நகரத்தில்தான் என்பதைப் புரிந்துகொண்டு திரும்பி வந்துவிட்டார்.

நியூயார்க்கில் ஜனநாயகக் கட்சியின் அமைப்பாக இருந்தது டாமனி ஹால் என்ற சங்கம். அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்கக் கப்பலேறி வந்த ஏழை மக்களுக்கு வேலை வாங்கிக் கொடுப்பது, குளிர்காலத்தில் நிலக்கரி கொடுப்பது, போலீசில் மாட்டினால் ஜாமீன் எடுப்பது என்று பல உதவிகளை டாமனி ஆட்கள் செய்தார்கள். பதிலுக்கு ஓட்டு வந்தது. 1870-71 குளிர்காலத்தில் தம் வட்டாரத்து ஏழைகளுக்காக ட்வீட் 50,000 டாலர் கொடுத்தார். வாங்கியவர்கள் வாழ்த்தினார்கள். அந்தப் பணம் யாருடையது என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

ட்வீட்டோடு சேர்ந்து நால்வர் கூட்டு ஒன்று உருவாயிற்று. மேயர் ஓக்கி ஹால், கம்ப்ட்ரோலர் எனப்படும் நகர நிதி அதிகாரி ரிச்சர்ட் கானலி, சூத்திரதாரி பீட்டர் ஸ்வீனி ஆகியோர் மற்ற மூவர். வரலாற்றில் இவர்களை "ட்வீட் வளையம்" என்று குறிப்பிடுகிறார்கள். 1870-இல் நகரத்துக்குப் புதிய ஆட்சிச் சட்டம் ஒன்றை மாநில சட்டமன்றத்தில் நிறைவேற்றிக்கொண்டார்கள். அதற்காகச் சுமார் 6 லட்சம் டாலர் லஞ்சம் கொடுத்ததாக ட்வீட்டே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். அந்தச் சட்டத்தின் பலன் என்ன? நகரத்தின் பில்களைத் தணிக்கை செய்யும் அதிகாரம் இவர்கள் கையிலேயே வந்து சேர்ந்தது. சரக்கு வாங்குபவரும், பில்லைச் சரிபார்ப்பவரும், பணம் கொடுப்பவரும் ஒரே வீட்டுக்காரர் என்றால் அந்தக் கடை எத்தனை நாள் தாங்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பில் போட்ட விதம்

மாவட்ட நீதிமன்றத்துக்கு ஒரு புதுக் கட்டிடம் கட்டத் திட்டமிட்டு, 1858-இல் இரண்டரை லட்சம் டாலருக்கு அனுமதி கிடைத்தது. கட்டுமானம் 1861-இல் தொடங்கியது. பத்தாண்டுகள் கழிந்தும் வேலை முடியவில்லை. செலவு மட்டும் சுமார் 1 கோடியே 30 லட்சம் டாலரைத் தொட்டது. இதே அமெரிக்கா 1867-இல் அலாஸ்கா என்ற மாபெரும் நிலப்பரப்பையே ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்குத்தான் வாங்கியது என்பதை ஒப்பிட்டுப் பார்க்கவும்.

பில்களில் சிலவற்றைப் பார்ப்போம். ஆண்ட்ரூ கார்வி என்ற பூச்சு வேலைக் காண்ட்ராக்டருக்கு இரண்டு நாள் வேலைக்கு 1,33,187 டாலர். மரவேலையே குறைவாக இருந்த கட்டிடத்தில் தச்சருக்கு ஒரு மாதக் கூலியாக 3 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு மேல். மூன்று மேசை, நாற்பது நாற்காலிக்கு 1,79,729 டாலர். பதினொரு வெப்பமானிகளுக்கு 7,500 டாலர். துடைப்பம் முதலான சாமான்களுக்கு 41,000 டாலருக்கு மேல். கட்டிடத்துக்கான சலவைக்கல் வந்த சுரங்கத்தில் ட்வீட்டுக்கும் பங்கு உண்டு.

இந்தப் பணம் முழுவதும் காண்ட்ராக்டருக்குப் போய்விட்டதாக எண்ணிவிடக்கூடாது. ஆரம்பத்தில் பில்லில் ஒரு சிறு சதவீதத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றிருந்தது. 1870 வாக்கில் நூறு டாலர் பில்லுக்கு 65 டாலரை வளையத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற அளவுக்கு வந்துவிட்டது. மீதி 35 டாலரில் சரக்கின் அடக்கவிலையும், கூலியும், காண்ட்ராக்டரின் லாபமும் அடங்கின. அப்படியும் அவர்களுக்குக் கட்டுப்படியானது என்றால் பில் எவ்வளவு ஊதியிருக்க வேண்டும்!

இங்கே நம் கவனத்துக்குரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ட்வீட் கஜானாவை உடைத்துத் திருடவில்லை. ஒவ்வொரு டாலரும் ஒரு பில்லின் மீதுதான் வெளியே போனது. அந்த பில்லில் ஒரு வணிகரின் பெயர் இருந்தது. பூச்சு வேலைக்காரர், மேசை நாற்காலி வியாபாரி, குழாய் வேலைக்காரர் என்று நம்மைப் போன்றவர்கள் தங்கள் கடைப் பெயரைக் கடன் கொடுத்திராவிட்டால் அந்தத் திருட்டு ஒரு நாள்கூட நடந்திருக்க முடியாது.

வரி செலுத்துவோர் ஏன் உடனே விழித்துக்கொள்ளவில்லை என்று கேட்கலாம். வரி விகிதத்தை வெளிப்படையாக ஏற்றினால் கூச்சல் கிளம்பும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே நகரத்தின் பெயரில் கடன் பத்திரங்களை விற்றுப் பணம் புரட்டினார்கள். இன்றைய செலவை நாளைய வரிதாரர் தலையில் ஏற்றி வைத்தார்கள். கைமாற்று வாங்கிக் கடையை அலங்காரம் செய்யும் வியாபாரியைப் போல, வெளியே பார்ப்பவர்களுக்கு எல்லாம் செழிப்பாகவே தெரிந்தது.

பத்திரிகைகள் வாய் திறக்காதது ஏன்?

நியூயார்க் அந்தக் காலத்திலேயே பத்திரிகைகள் மலிந்த நகரம். ஆனாலும் இத்தனை பெரிய கொள்ளை பல ஆண்டுகள் வெளியே வராமல் இருந்தது. அதற்குக் காரணம் நகராட்சி விளம்பரம்.

டெண்டர் அறிவிப்பு, வரி அறிவிப்பு, மன்ற நடவடிக்கைக் குறிப்பு என்று நகராட்சி வெளியிட வேண்டிய விளம்பரங்கள் ஏராளம். எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பது வளையத்தின் கையில் இருந்தது. விற்பனையே இல்லாத சிறு பத்திரிகைகள் இந்த விளம்பரத்தை நம்பியே அச்சாயின. வளையத்துக்கு வேண்டியவர்களே நடத்திய பத்திரிகைக்கும் நகர விளம்பரம் குவிந்தது. நியூயார்க் அச்சுக் கம்பெனி என்ற அச்சகத்தையும், நகரத்துக்குக் காகிதமும் எழுதுபொருளும் வழங்கிய கம்பெனியையும் ட்வீட்டே வாங்கி, நகரத்துக்குக் கூடுதல் விலைக்கு பில் போட்டார். நகர்மன்றச் செய்தி எழுதும் நிருபர்களுக்கு மன்றமே வெகுமதிப் பணம் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. வளையத்திடம் ஏதோ ஒரு வகையில் பணம் பெற்று வந்த பத்திரிகைகள் 89 என்றும், வளையம் உடைந்ததும் அவற்றில் 27 மூடப்பட்டன என்றும் வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பத்திரிகைக்காரரை அழைத்து "எழுதாதே" என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. மாதக் கடைசியில் விளம்பர பில் பாஸாக வேண்டுமே என்ற நினைப்பே அவர் பேனாவைப் பிடித்துக்கொள்ளும். ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளரை நம்பி நடக்கும் கடை அந்த வாடிக்கையாளரிடம் பாக்கிகூடக் கேட்க முடியாமல் தவிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். பத்திரிகையின் கதையும் அதுவே.

நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையும் ஆரம்பத்தில் மௌனமாகவே இருந்தது. அதன் இயக்குநர்களில் ஒருவரான ஜேம்ஸ் டெய்லர் ட்வீட்டின் அச்சுக் கம்பெனியில் பங்காளியாக இருந்தார். 1870-இல் அவர் காலமானார். அதற்குப் பின்பே, அந்த ஆண்டு செப்டம்பரில், டைம்ஸ் தாக்கி எழுத ஆரம்பித்தது. டைம்ஸ் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியை ஆதரித்த பத்திரிகை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கையில் ஆதாரம் இல்லாமல் எழுதியதால் "கட்சிப் பகையில் எழுதுகிறார்கள்" என்று மக்கள் ஒதுக்கிவிட்டார்கள்.

ஆறு பெரிய மனிதர்கள் கொடுத்த சான்று

டைம்ஸின் தாக்குதலைச் சமாளிக்கக் கானலி ஒரு தந்திரம் செய்தார். "என் கணக்குப் புத்தகங்களை நகரத்தின் மிகப் பெரிய வணிகப் பிரமுகர்களே வந்து பார்க்கட்டும்" என்று அழைத்தார். கோடீஸ்வரர் ஜான் ஜேக்கப் ஆஸ்டர், வங்கித் தலைவரும் வணிகருமான மோசஸ் டெய்லர், கப்பல் தொழிலதிபர் மார்ஷல் ராபர்ட்ஸ் உள்ளிட்ட ஆறு பேர் குழுவாகப் போனார்கள். சில மணி நேரம் புத்தகங்களைப் புரட்டினார்கள். கணக்குகள் ஒழுங்காக எழுதப்பட்டுள்ளன என்றும், நகரத்தின் கடன் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும் என்றும் கையெழுத்திட்டு அறிக்கை கொடுத்தார்கள். 1870 நவம்பர் தேர்தலுக்குச் சற்று முன்பாக அது வெளியானது. ஓக்கி ஹால் மீண்டும் மேயரானார்.

ஏன் கையெழுத்துப் போட்டார்கள்? சான்று தராவிட்டால் தங்கள் சொத்துக்களின் வரி மதிப்பீடு ஏற்றப்படும் என்ற பயமே காரணம் என்று பிற்காலத்தில் பேசப்பட்டது. பயமோ, தாட்சண்யமோ, அவர்கள் எழுதியதில் ஒரு சூட்சுமம் இருந்தது. பேரேட்டில் கூட்டல் சரியாகத்தான் இருந்திருக்கும். பில் தொகையும் பற்றும் ஒத்துப்போயிருக்கும். ஆனால் ஒரு வெப்பமானி கடையில் என்ன விலை, இரண்டு நாளில் ஒரு கொத்தனார் எவ்வளவு சுவர் பூச முடியும் என்ற கேள்வியைக் கேட்டால்தான் உண்மை வெளிப்படும். அந்த ஆறு பேருக்கும் சந்தை விலை தெரியும். ஆனால் அவர்கள் பேரேட்டைப் பார்த்தார்களே ஒழிய பில்லைப் பார்க்கவில்லை.

பேசத் தெரிந்தவர்கள் மௌனமாக இருந்தால் ஒரு பங்கு கெடுதல். பேசத் தெரிந்தவர்கள் நற்சான்று கொடுத்தால் பத்துப் பங்கு கெடுதல். அந்த ஆறு கையெழுத்துகள் கொள்ளைக்கு மேலும் ஓர் ஆண்டு ஆயுள் கொடுத்தன.

கணக்கு வெளியே வந்த கதை

1871 ஜனவரியில், வளையத்தின் ரகசியக் கணக்குகளைக் கவனித்து வந்த தணிக்கையாளர் ஜேம்ஸ் வாட்சன், பனியில் ஓடும் குதிரை வண்டி விபத்தில் அடிபட்டு இறந்தார். அதைத் தொடர்ந்து ஏற்பட்ட மாற்றத்தில் மாத்யூ ஓரூர்க் என்பவர் கணக்கராக அமர்ந்தார். பில் தொகைகளைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வந்தது. ஓசையில்லாமல் நகல் எடுத்தார். இன்னொரு பக்கம் முன்னாள் ஷெரீப் ஜிம்மி ஓபிரையன் தமக்கு நகரம் தர வேண்டியதாகச் சொல்லிய பெரிய தொகை கிடைக்காத கோபத்தில், தம் ஆள் ஒருவரைக் கொண்டு நகல் எடுத்து வைத்திருந்தார். இருவருடைய நகல்களும் டைம்ஸ் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஓபிரையன் ஒன்றும் உத்தமர் அல்லர். ஆனால் பங்கு பிரிப்பதில் தகராறு வந்தால் பூட்டு தானே திறக்கும் என்பது உலக நியதி.

1871 ஜூலையில் டைம்ஸ் அந்தக் கணக்குகளை வெளியிடத் தொடங்கியது. அது செய்த நல்ல காரியம் என்னவென்றால், வசைமொழியைக் குறைத்துத் தேதி, பெயர், தொகை என்று பேரேட்டுப் பக்கங்களை வரிசையாக அச்சிட்டதுதான். ஜூலை 29-இல் இவை அனைத்தையும் தொகுத்துத் தனி இணைப்பாக, ஆங்கிலத்திலும், நகரத்தில் பெருவாரியாக இருந்த ஜெர்மானியர்களுக்காக ஜெர்மன் மொழியிலும் வெளியிட்டார்கள். இரண்டு லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சடித்தும் போதவில்லை. முன்பு கட்சிச் சண்டை என்று ஒதுக்கியவர்கள் இப்போது நாற்காலியின் விலையைப் படித்துவிட்டுத் தாங்களே கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். நாற்காலி விலை தெரியாத குடும்பத் தலைவர் யார் இருக்கிறார்?

எழுத்துப் படிக்காதவர்களுக்குத் தாமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் இருந்தார். ஹார்பர்ஸ் வீக்லி இதழில் அவர் வரைந்த கேலிச்சித்திரங்களில் ட்வீட்டின் தலைக்குப் பதிலாகப் பணமூட்டை உட்கார்ந்திருக்கும். பத்திரிகை எழுத்தைவிட இந்தப் படங்களுக்கே தாம் அஞ்சுவதாகவும், தமக்கு ஓட்டுப் போடுபவர்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் படம் பார்க்கத் தெரியும் என்றும் ட்வீட் புலம்பியதாகச் சொல்வார்கள்.

விலை பேசினார்கள்

விளம்பரத்தால் அடங்காத பத்திரிகையை என்ன செய்வது? முதலில் விலை பேசினார்கள். டைம்ஸ் அதிபர் ஜார்ஜ் ஜோன்ஸைச் சந்தித்த கானலி, கணக்கை வெளியிடாமல் இருக்க 50 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார் என்பது பதிவாகியுள்ள செய்தி. ஜோன்ஸ் மறுத்தார். நாஸ்டிடம் ஒரு வங்கிக்காரர் வந்து, ஐரோப்பாவுக்குப் போய் ஓவியம் பயில ஒரு லட்சம் டாலர் தருவதாக ஆசை காட்டினார். நாஸ்ட் விளையாட்டாகப் பேரத்தை ஐந்து லட்சம் வரை ஏற்றிவிட்டு, "நான் எங்கும் போவதாக இல்லை" என்று அனுப்பிவிட்டார்.

விலை படியாதபோது நெருக்கடி கொடுத்தார்கள். டைம்ஸ் கட்டிடம் நின்ற நிலத்தின் உரிமைப் பத்திரத்தில் கோளாறு என்று கிளப்பினார்கள். காலமான ஸ்தாபகர் ரேமண்டின் பங்குகளை வாங்கிப் பத்திரிகையையே கைப்பற்றப் பார்த்தார்கள். ஜோன்ஸின் நண்பரான வணிகர் எட்வின் மார்கன் முந்திக்கொண்டு அந்தப் பங்குகளை வாங்கிக் காப்பாற்றினார்.

நாஸ்டின் படங்களை வெளியிட்ட ஹார்ப்பர் சகோதரர்கள் பெரிய புத்தக வியாபாரிகள். நகரப் பள்ளிகளுக்குப் பாடநூல் வழங்கி வந்தவர்கள். வளையத்தின் கைக்குள் இருந்த கல்வி வாரியம் அவர்கள் டெண்டரை நிராகரித்தது. பள்ளிகளில் இருந்த அவர்கள் புத்தகங்களையும் ஒதுக்கியது. கம்பெனிக்குள்ளேயே "நமக்கு ஏன் இந்த வம்பு" என்ற பேச்சு எழுந்தது. ப்ளெட்சர் ஹார்ப்பர் மட்டும் பின்வாங்கவில்லை. வேண்டுமானால் தாம் தனியாகப் பிரிந்து இதழை நடத்துவதாகச் சொன்னார். வியாபாரம் நஷ்டப்பட்டாலும் சரி என்று ஒரு வியாபாரி எடுத்த முடிவு அது. அரசியல்வாதிகளின் வீரத்தைப் பற்றிப் புத்தகங்கள் நிறைய உண்டு. இப்படிப்பட்ட வியாபாரிகளின் உறுதியைப் பற்றி நாமாவது பேச வேண்டாமா?

வணிகர்கள் கூடிய கூட்டம்

1871 செப்டம்பர் 4-ஆம் தேதி கூப்பர் யூனியன் மண்டபத்தில் நகர மக்களின் பெருங்கூட்டம் நடைபெற்றது. தலைமை வகித்த வில்லியம் ஹேவ்மேயர் சர்க்கரைத் தொழிலில் பொருள் ஈட்டிய குடும்பத்தைச் சேர்ந்தவர், முன்னாள் மேயர். வணிகர்கள், வங்கியாளர்கள், வழக்கறிஞர்கள் அடங்கிய "எழுபதின்மர் குழு" அங்கே அமைக்கப்பட்டது.

அந்தக் குழு வெறும் தீர்மானம் போட்டுக் கலையவில்லை. உடனே நீதிமன்றம் போய், நகரம் மேற்கொண்டு பணம் பட்டுவாடா செய்யவும் கடன் பத்திரம் வெளியிடவும் தடை வாங்கியது. வளையத்துக்கு வேண்டியவராகக் கருதப்பட்ட நீதிபதி பர்னார்டே அந்தத் தடையை வழங்கினார். காற்று திசை மாறிவிட்டதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். கல்லாப்பெட்டி மூடப்பட்டதும் காண்ட்ராக்டர்களுக்கும் அடியாட்களுக்கும் சம்பளக்காரர்களுக்கும் பணம் நின்றது. வளையத்தை ஒட்டியிருந்த பசை உலர்ந்துவிட்டது.

அடுத்த சில நாட்களில் ஓர் இரவு, கானலியின் அலுவலகத்தில் இருந்த ஆயிரக்கணக்கான வவுச்சர்கள் திருடு போயின. பிறகு நகர மன்றக் கட்டிடத்தின் மேல்தளத்தில் அவற்றின் சாம்பல் கிடைத்தது. எதைக் கண்டு அவர்கள் பயந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மேடைப் பேச்சைக் கண்டு பயப்படவில்லை. பில்லைக் கண்டு பயந்தார்கள்.

ஆனால் பில்லை எரித்தாலும் வங்கிக் கணக்கை எரிக்க முடியவில்லை. வழக்கறிஞர் சாமுவேல் டில்டன் பிராட்வே வங்கியின் ஏடுகளை எடுத்து வைத்துக்கொண்டு, நகரம் காண்ட்ராக்டருக்குப் பணம் கொடுத்த தேதியையும், காண்ட்ராக்டர் கணக்கிலிருந்து வெளியே போன தொகையையும், ட்வீட் கணக்கில் வரவான தொகையையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதினார். பற்று இங்கே, வரவு அங்கே என்று எல்லாம் பொருந்தின. நம் கடைக் கணக்குப்பிள்ளை செய்யும் ஒத்துப்பார்க்கும் வேலைதான் இது. பெரிய துப்பறியும் வித்தை ஒன்றும் இதில் இல்லை.

முடிவு என்ன ஆயிற்று?

1871 நவம்பர் தேர்தலில் வளையத்தின் ஆட்கள் பெரும்பாலும் தோற்றார்கள். ட்வீட் மட்டும் தம் தொகுதியில் ஜெயித்தார். நிலக்கரி வாங்கிய கைகள் மறக்கவில்லை. 1873-இல் பூச்சு வேலை கார்வி அரசுத் தரப்பு சாட்சியாக நின்றார். ட்வீட் மீதான 220 குற்றச்சாட்டுகளில் 204 நிரூபணமாயின. 12 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது ஓராண்டாகக் குறைந்தது. வெளியே வந்தவர் மீது 60 லட்சம் டாலர் கேட்டு உரிமை வழக்குத் தொடரப்பட, மறுபடியும் சிறை. 1875 டிசம்பரில் தப்பி ஓடி ஸ்பெயின் நாட்டை அடைந்தார். 1876-இல் அங்கே பிடிபட்டார். நாஸ்டின் படத்தைப் பார்த்தே அடையாளம் கண்டார்கள் என்று சொல்வதுண்டு. 1878 ஏப்ரல் 12-இல் சிறையிலேயே இறந்தார்.

வளையம் சுருட்டிய மொத்தத் தொகை இரண்டரைக் கோடி டாலர் முதல் நாலரைக் கோடி டாலர் வரை இருக்கலாம் என்று பின்னர் விசாரணைக் குழு மதிப்பிட்டது. அதைவிட மிக அதிகம் என்பாரும் உண்டு. திரும்பக் கிடைத்ததோ சொற்பம். கடனும் வட்டியும் நகரத்து வரிதாரர்கள் தலையில் நின்றன. ட்வீட் பெயராலேயே இன்றும் அழைக்கப்படும் அந்த நீதிமன்றக் கட்டிடம் ஒருவழியாக 1881-இல்தான் முடிவடைந்தது.

டாமனி ஹாலும் அத்தோடு ஒழிந்துவிடவில்லை. வேறு தலைவர்களின் கீழ் மேலும் பல பத்தாண்டுகள் நகரத்தில் செல்வாக்கோடு இருந்தது. ஒரு முறை கணக்குப் பார்த்துவிட்டு மூடி வைத்தால் கறையான் மறுபடி வரும் என்பதே இதன் பொருள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

முதலாவது, கடைப் பெயரைக் கடன் கொடுக்காதிருத்தல். போகாத சரக்குக்கு பில் போடுவது வெறும் உதவி அன்று. ஊர்ப் பணம் வெளியே போவதற்கு நம் கடையை வாசலாகத் திறந்து விடுவது. சாட்சிக் கூண்டில் கடைசியில் நிற்க நேர்ந்தது பூச்சு வேலை கார்விதான் என்பதை நினைவில் வைப்போம்.

இரண்டாவது, நன்கொடை. கொடுப்பது அவரவர் விருப்பம். கொடுத்தால் காசோலையாகக் கொடுத்து, ரசீது பெற்று, கணக்கில் எழுதவும். ரசீது தர மறுப்பவருக்குக் கொடுக்க மறுக்கும் உரிமை நமக்கு உண்டு.

மூன்றாவது, உள்ளூர்ப் பத்திரிகை. நம்மில் பலர் விளம்பரத்தைத் தொல்லையாக எண்ணி, வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே கொடுக்கிறோம். அப்படியில்லாமல், நகர்மன்றத்தின் டெண்டர், சாலை, குடிநீர்ச் செய்திகளை உருப்படியாக எழுதும் பத்திரிகைக்குச் சிறு வணிகர்கள் நூறு பேர் சிறு சிறு விளம்பரங்களாகக் கொடுத்தால், அது ஒரே ஒரு பெரிய விளம்பரத்தை நம்பி வாயடைத்து நிற்க வேண்டியதில்லை. பல கடைகளின் சில்லறை வியாபாரத்தில் நிற்கும் மண்டியை ஒருவர் மிரட்ட முடியாது அல்லவா? அதே சமயம் நம்மிடம் விளம்பரம் வாங்கியதற்காக நம் எடைக் குறைவையும் கலப்படத்தையும் எழுதாதே என்று கேட்கும் உரிமை நமக்கு இல்லை. அப்படிக் கேட்டால் ட்வீட்டுக்கும் நமக்கும் அளவில்தான் வித்தியாசம்.

நான்காவது, நற்சான்று. பாராட்டு விழா மேடையில் சங்கத்தின் பெயரால் "நேர்மையான நிர்வாகம்" என்று வாழ்த்திப் பேசுமுன், அந்த நிர்வாகத்தின் கணக்கை நாம் பார்த்தோமா என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். ஆஸ்டர் குழுவைப் போலக் கணக்கைப் பார்க்காத கையெழுத்தைச் சங்கம் யாருக்கும் தரலாகாது.

ஐந்தாவது, பில்லைக் கேட்டுப் பார்த்தல். நியூயார்க்கில் ஒரு கணக்கர் உயிரைப் பணயம் வைத்து நகல் எடுக்க வேண்டியிருந்தது. நமக்கோ 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. நகராட்சி வாங்கிய தெருவிளக்குக்கும், போட்ட சாலைக்கும் பில் நகலை முறைப்படி விண்ணப்பித்துக் கேட்கலாம். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். தனி ஒருவராகக் கேட்கத் தயங்குபவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஆளுக்கொரு விண்ணப்பமாகப் போடலாம். வந்த பில்லைப் படிக்க நம்மைவிடத் தகுதியானவர் யார்? பல்பு வியாபாரிக்கு பல்பின் விலை தெரியும். சிமெண்டு வியாபாரிக்கு மூட்டையின் விலை தெரியும். பெயிண்டு வியாபாரிக்கு ஒரு லிட்டர் எத்தனை சதுர அடி ஓடும் என்று தெரியும். ஓர் ஊரின் கடைவீதி முழுவதும் சேர்ந்தால் அதைவிடச் சிறந்த தணிக்கைக் குழு உலகத்தில் கிடையாது.

அடுத்த தேர்தலுக்கு ரசீதுப் புத்தகமும், மலர் விளம்பரமும், பில் கேட்கும் ஆளும் கட்டாயம் வருவார்கள். அவர்களிடம் கோபப்பட வேண்டாம், சண்டை போட வேண்டாம். "சரக்கு எங்கே, விலை என்ன, ரசீது எங்கே" என்று வியாபாரி தினமும் கேட்கும் மூன்று கேள்விகளைக் கேட்டாலே போதும். நம் கடைக்குக் கேட்பதை நம் ஊருக்கும் கேட்போம்.